துணைக்கு ஆள்

“நீங்க அவனுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் சிறை மருத்துவமனை வாசலில் நின்ற காவலர்.

“சொந்தக்காரன்” என்றார் உக்கிரபாண்டி. சொல்லும்போதே வாய் கூசியது. தன் ஆடு ரெண்டைத் திருடினான் என்று புகார் கொடுத்து இருளாண்டியை உள்ளே தள்ளியதே அவர்தான்.

“சொந்தக்காரரா? இம்புட்டு நாளா எங்க போயிருந்தீக?” காவலர் பையிலிருந்த ஆரஞ்சுகளை அமுக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். “அழுகை கிழுகைன்னு ஆரம்பிச்சிராதீக.”

கடைசிக் கட்டிலில் இருளாண்டி அடிவயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்தான். ஸ்டேஷனிலும் இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஏட்டு கை ஓங்குவதற்கு முன்பே, “நாந்தான் எடுத்தேங்கய்யா” என்று ஒப்புக்கொண்டான்.

உக்கிரபாண்டி அப்போது ஆச்சரியப்படவில்லை. முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நின்றான். சோள அறுப்பு கிடக்கிறது என்று இவர் தட்டிக்கழிக்க, திரும்பிப் போய்விட்டான். அந்தக் கோபத்தில் செய்திருப்பான் என்றுதான் நினைத்தார்.

“வாங்கண்ணே. நம்ம பரளச்சியில மழை உண்டா?”

“மழை கெடக்கட்டும். ஏலே, ஆடு ரெண்டும் வந்துருச்சு. ரோட்டுல போன செம்மறி மந்தையோட கலந்து பந்தல்குடி வரைக்கும் போயிருக்கு. மந்தைக்காரன் நேத்துக் கொண்டாந்து விட்டான்.”

இருளாண்டி சிரித்தான். “கழுதைக, இன்னும் ஒரு வாரம் மேஞ்சுட்டு வந்திருக்கக் கூடாது?”

“சிரிக்காத. எடுக்காதவன் எதுக்குலே ஒத்துக்கிட்ட? அடிக்குப் பயந்துட்டியா?”

உக்கிரபாண்டிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே பேசினார். “பாவம் பண்ணிட்டேன். இப்பவே வக்கீலப் பாத்துக் கேஸ வாபஸ் வாங்கிருறேன். ரெண்டு நாள்ல நீ வீட்டுல இருப்ப.”

இருளாண்டி பதறி எழுந்தான். வலி தாங்காமல் மறுபடி சாய்ந்தான். காவலரை ஒருமுறை பார்த்துக்கொண்டு, உக்கிரபாண்டியின் கையை இறுக்கிப் பிடித்தான்.

“கெடுத்துராதீகண்ணே! தொணைக்கு ஆள் இல்லாம அட்மிசன் போட மாட்டோம்னு பெரியாஸ்பத்திரியில திருப்பித் திருப்பி அனுப்புனாக. இப்ப என்னைய அங்க கூட்டிட்டுப் போயி, கூடவே இருக்க ரெண்டு போலீசு வாராக.”

உக்கிரபாண்டியின் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது.

“வெள்ளிக்கிழமை ஆபரேசன் முடியிற வரைக்கும் நாந்தாண்ணே திருடன்.”