சைபர் பொத்தான்

"மைதான்னா நூத்திருபது, சர்க்கரைன்னா இருநூறு! நான் அதே டம்ளர்தானே?" என்று கத்தியது டம்ளர்.

"உள்ளே இருக்கிறது மாறினா எடையும் மாறாதா, மக்கு?" என்றது தராசு.

டம்ளர் கணக்கில் இருந்த கேக் குறிப்பைச் செண்பகா கிராமாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் காலி டம்ளரை வைத்துச் சைபர் பொத்தானை அழுத்துவாள். டம்ளரின் எடை கழிந்துவிடும். அதுதான் அதற்கு வலித்தது.

"அண்ணே, வெறும் நான் எவ்வளவு இருப்பேன்?"

"உன்னை யாரு கேட்டா?"

அந்தச் சமையலறையில் டம்ளரோடு பேசத் தராசை விட்டால் ஆளில்லை.

கடைசியாக ரவை. செண்பகா காலி டம்ளரை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். நாலு தடவை அழுத்தினாள்.

தராசு சைபருக்குப் போகவே இல்லை. எண்பத்தாறு கிராம் என்றே காட்டிக்கொண்டு நின்றது.