சாகாத மாமனார்

"அந்த மனுஷன் இன்னைக்குச் சாகணும். அவர் சாகாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

ஷூட்டிங் நடக்கிற வீட்டு வாசலில் நின்று எழுத்தாளர் அம்மா போட்ட சத்தத்தில், லைட் தூக்கிக்கொண்டு போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பின்னே, கோபம் வராதா? அந்த அம்மா எழுதிய மர்ம நாவலில் மாமனார் முதல் பக்கத்திலேயே செத்துப்போவார். பாலில் விஷம். வைத்தது யார் என்பதுதான் கதையே. அதை டி.வி. தொடராக எடுத்தார்கள். தொடரிலும் மாமனார் பாலைக் குடித்தார், சுருண்டு விழுந்தார். ஆனால் சாகவில்லை. மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு படுத்தவர்தான், நாலு மாசமாகப் படுத்தே கிடக்கிறார்.

டைரக்டர் ஓடி வந்தார். "அம்மா, மெதுவா..."

"என்னய்யா மெதுவா? கொலையே நடக்கல, போலீஸ் கொலைகாரனைத் தேடுது! நேத்து பூரா ஒரு நர்ஸ் அவர் காலை மடக்கி நீட்டுறதையே காட்டியிருக்கீங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு கேக்குறா, 'ஏன் ஆன்ட்டி, நீங்க எழுதினது மர்மக் கதையா, ஆஸ்பத்திரிக் கதையா'ன்னு. என் மானம் கப்பலேறிப் போச்சு!"

"ஜனங்களுக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா."

"பேச மாட்டாரு, அசைய மாட்டாரு, கண்ணையும் திறக்க மாட்டாரு. அவரை எப்படிய்யா பிடிக்கும்? அதுக்குத் தலகாணியைக் காட்டினாலும்தான் பிடிக்கும்!"

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "சேனல் அதிகாரி வந்துட்டிருக்காரும்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கோங்க."

"வரட்டும். நல்லதாப் போச்சு. அவர்கிட்டயே கேக்குறேன்."

"ஐயோ, அவர்கிட்ட மட்டும் வேண்டாம்மா!"

அதற்குள் தெருமுனையில் கார் திரும்பியது. டைரக்டர் அதை எதிர்கொண்டு ஓடினார். எழுத்தாளர் அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

படுக்கையறையைத்தான் ஆஸ்பத்திரி அறையாக மாற்றியிருந்தார்கள். இரும்புக் கட்டில், வெள்ளைப் போர்வை, தலைகீழாய்த் தொங்கும் பாட்டில். மாமனார் வேஷம் போடும் நடிகர் கண்ணை மூடிக் கிடந்தார். மேக்கப் போடும் அக்கா அவர் வாயோரத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஷாட்டே ஆரம்பிக்கலையே! எழுந்து உட்காரச் சொல்லும்மா. ரொம்பத்தான் நடிக்கிறாரு."

அக்கா நிமிரவில்லை. "அவரு நடிக்கலைங்கம்மா."

"என்னது?"

"பாலைக் குடிச்சு விழுற சீனுக்குத்தான் வந்தாரு. விழுந்தாரு பாருங்க, அப்படியே தத்ரூபம். எல்லாரும் கை தட்டினோம். தட்டி முடிச்சும் எழுந்திருக்கல. கிட்டப் போய்ப் பார்த்தா, ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. பேச்சும் போச்சு."

எழுத்தாளர் அம்மா கட்டிலை நெருங்கிப் போனார்.

"வேஷம் இருக்கிற வரைக்கும்தான் கம்பெனி வைத்தியம் பாக்கும். கதையில செத்துட்டா அதோட சரி. வீட்டுல அவரும் சம்சாரமும்தான், வேற நாதி இல்ல. அதான் டைரக்டர் சாகவே விடல. நர்ஸா வர்ற பொண்ணு இருக்கே, அது நிஜ நர்ஸு. காலை மடக்கி நீட்டுறது சீன் இல்லம்மா, வைத்தியம். அப்படியே கேமராவை ஓட விட்டுருவாரு."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். வந்திருப்பது யாரென்று புரிந்துவிட்டது போல. நல்ல கையை மட்டும் மெல்லத் தூக்கி நெஞ்சுக்குக் கொண்டுபோனார். பாதி வணக்கம்.

பதில் வணக்கம் வைப்பதற்குள் கதவு திறந்தது. சேனல் அதிகாரி முன்னால், டைரக்டர் பின்னால். கட்டிலில் கண் சட்டென்று மூடிக்கொண்டது.

"ஓ, நீங்கதான் எழுத்தாளரா? உங்களைத்தாம்மா பாக்கணும்னு இருந்தேன். இந்த மாமனாரை முடிச்சு விடுங்கன்னு நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன். டைரக்டர் என்னடான்னா, 'நாவல்ல அவர் சாகவே மாட்டார், மாத்தினா எழுத்தாளர் அம்மா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க'ங்கிறாரு. நீங்க அவ்வளவு பிடிவாதமா?"

பின்னால் நின்ற டைரக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

எழுத்தாளர் அம்மா கட்டிலைப் பார்த்தார். டைரக்டரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், என் நாவலை நீங்க படிச்சிருக்கீங்கள்ல?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ரெண்டு தடவை படிச்சேன்!"

"அப்போ நான் சொல்லவே வேண்டியதில்லையே. கடைசி அத்தியாயத்துல மாமனார் தானா எழுந்து நடந்து வந்து, விஷம் வெச்சது யாருன்னு கையைக் காட்டுறாரே, அந்த இடம்... அதுக்கு முன்னாடி அவரைக் கொன்னுட்டா, கையை யாரு சார் காட்டுறது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா ஆமா! அந்த இடத்தைப் படிச்சப்போ நான் அழுதே போயிட்டேம்மா. என்ன எழுத்து! சரிய்யா டைரக்டர், அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க."

அதிகாரி வெளியே போனதுதான் தாமதம், கட்டிலில் கிடந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

டைரக்டர் கையைக் கூப்பினார். "அம்மா... நான் உங்க பேரைச் சொல்லி..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்." எழுத்தாளர் அம்மா எழுந்துகொண்டார். "அவர் எப்போ நடப்பாருன்னு அந்த நர்ஸ் பொண்ணைக் கேட்டுச் சொல்லுய்யா. கடைசி அத்தியாயத்தை இனிமேதான் நான் எழுதணும்."