மடக்குக் கரண்டி

டெரிக் ஐந்தரைக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். காப்பி போட்டுக் குடித்தான். பிறகு கத்தியைத் துடைக்க உட்கார்ந்தான்.

விம்கோ நகரின் கடல் காற்றில் இரும்பு இரண்டே நாளில் துருவேறிவிடும். அலமாரியில் இருபத்து மூன்று செட் இருந்தன. கத்தி, கரண்டி, முள்கரண்டி மூன்றும் ஒரே பிடிக்குள் மடங்கிவிடும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த சாமான். இருபத்திரண்டுக்கு எண்ணெய் போட்டான். கடைசி செட் வாங்கி வந்த பொட்டலத்திலேயே இருந்தது. அதைப் பிரிக்கவில்லை.

ஏழு மணிக்கு மாமியார் டோரதி வந்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் முடித்து, காலிக் கூடையோடு நேராக வந்திருந்தாள். டெரிக்கின் மனைவி கரோலின் இறந்து நாற்பது நாள். அன்று முதல் இரண்டு வயதுக் குழந்தை டோரதி வீட்டில்தான்.

“பாப்பாவ இன்னிக்குக் கொண்டாந்து வுடறேன்னீங்களே அத்தை?”

“வுடறேன். மொதல்ல இந்த எழவெல்லாத்தையும் கூடைல போடு. கடல்ல கொட்டணும்.”

டெரிக் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

“எம் புருஷன் இதே மாதிரி ஒண்ண, பேரு வெட்டி, ஜோபில சொருவிக்கினுதான் கப்பலு ஏறினான். போனவன் போனவன்தான். அவன் பேச்சே எடுக்க வுடாம பொண்ண வளத்தேன். அவளுக்கு அதே கிறுக்கு புடிச்ச நீ வந்து வாச்ச!”

டெரிக் அடுத்த செட்டை எடுத்துக் கூடையில் போட்டான்.

“வீசிங்ல மூச்சு வாங்கிகினு கெடந்தவள வுட்டுட்டு, எவனோ வாட்ஸப்புல இதுமாதிரி ஒண்ணு படம் போட்டான்னு எண்ணூருக்கு ஓடினியே. திரும்பி வந்தப்போ இன்னா இருந்திச்சு? பொணம்தானே?”

ஒரு முள்கரண்டி மடங்கவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். விரலைக் கிழித்தது.

“ஊரெல்லாம் அலஞ்சு வாங்கத் தெரிஞ்சிச்சு. மடக்கத் தெரியல, தூ!”

பிரிக்காத பொட்டலத்தை அவளே எடுத்துக் கூடையில் எறிந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

“நெஜத்த சொல்லு. நீ கெளம்பறப்போ ‘போவாத’ன்னு சொன்னாளா? கடேசியா இன்னாதான் சொன்னா எம் பொண்ணு?”

டெரிக் விரல் ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான்.

“ஒண்ணும் சொல்லல அத்தை.”

டோரதி அவனையே பார்த்தாள்.

“அதக்கூட என்கிட்ட சொல்ல மனசு வரல உனக்கு. பாப்பா இனிமே எங்கிட்டதான் வளருவா. வாசப்படி மிதிச்சிடாத.”

கூடையோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். டெரிக் காலி அலமாரியை மூடினான்.

எண்ணூருக்குக் கிளம்பிய அன்று இதே கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கரோலின் சொன்னாள்:

“நான் நல்லாதான் கீறேன், நீ போ. இந்தவாட்டி அப்பாவோடதாதான் இருக்கும். அம்மா கேட்டா, எப்பவும் போல உனக்குன்னு சொல்லிடு, இன்னா?”