குளிர் அறையில் ஒரு கட்டி

கடைசி மாடியான எட்டாம் மாடி வீட்டில், எஸ்தரின் மகள் படுத்திருந்த பாயின் மேல் கூரை பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் பிழைத்தாள். மேலே மொட்டைமாடித் தளத்தின் சூடு அன்று எண்பத்தொரு டிகிரி செல்சியஸ்.

வீட்டுவசதி வாரிய அலுவலகத்தில், முறையிட வந்த எஸ்தரிடம் பொறியாளர் குணாளன் கட்டட உறுதிச் சான்றிதழை நீட்டினார். குடியிருப்பு கட்டும்போது அதே கலவையில் வார்த்துவைத்த கான்கிரீட் கட்டிகளில் ஒன்றை ஆண்டுதோறும் உடைத்துப் பார்த்துத்தான் சான்று தருவார்கள்.

"போன மாசம்தாம்மா உடைச்சோம். பலம் கொஞ்சம்கூடக் குறையல."

"மிச்சக் கட்டியெல்லாம் எங்க சார் வெச்சிருக்கீங்க?"

அவர் பக்கத்து அறையைத் திறந்தார். சில்லென்று காற்று வந்தது. போர்வை போர்த்தித் தூங்கலாம், அப்படி ஓர் அறை. அலமாரி நிறையக் கட்டிகள்.

"இருபத்தேழு டிகிரி. அதுக்கு மேல போகக் கூடாதுன்னு விதி."

எஸ்தர் தன் பிளாக் எண் எழுதிய கட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கீழ வைம்மா. வெளிய அந்தச் சூட்டுல வெச்சா வீணாப் போயிடும்."

"எங்க வீட்டுக்குத்தான் சார் கொண்டுபோறேன். இப்ப சொன்னீங்களே, அதையே சான்றிதழ்ல எழுதிக் குடுங்க."