தண்டவாளத்தில் போன தேவாலயம்

செக் நாட்டில் ஒரு சின்ன ஊர். அடியில் நிலக்கரி இருக்கிறது என்று தெரிந்ததும் ஊரையே தோண்டிவிட முடிவு செய்தார்கள். தேவாலயம் மட்டும் பழம்பெருமை உள்ளதாம். அதனால் அடியில் சக்கரம் வைத்து, தண்டவாளம் போட்டு, அப்படியே நகர்த்த ஏற்பாடு பண்ணினார்கள்.

அந்த ஊரில் மணிக்கும் பெயர் வைப்பது வழக்கம். கோபுரத்து மணியின் பெயர் பார்போரா. கீழே இருந்த கிணறுதான் அவளுக்கு ஒரே துணை.

"கொடுத்து வச்சவடி நீ," என்றாள் கிணற்றக்கா. "கிணத்தைத் தூக்கி எவன் வண்டியில வைப்பான்?"

"வைக்க வைக்கிறேன் பாருக்கா. போய்ச் சேர்ந்ததும் கத்துற கத்துல, உன்னைக் கூட்டிவர ஓடி வருவாங்க."

ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் தேவாலயம் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர நாளாயிற்று. சேர்ந்த உடனே பார்போரா தொண்டை கிழியக் கத்தினாள்.

கூடி நின்ற சனம் கைதட்டியது. "புது இடம் வந்த சந்தோஷத்தைப் பாரேன்!"

அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். விடாமல் கத்தினாள்.

"இப்படி அடிச்சா பழைய சுவர் விரிசல் விட்டுடும்," என்று மேலே ஏறி வந்தவர்கள், அவள் நாக்கில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அப்புறம்தான், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, கிணற்றக்காவின் குரல் காற்றில் வந்தது.

"பார்போரா, மண்ணு கழுத்துவரைக்கும் வந்துடுச்சுடி. ஏன்டி நிறுத்திட்டே?"