தெற்கு முடிந்த இடம்

பனியில் சறுக்கி நடந்து மங்கையர்க்கரசி தென்துருவத்தை அடைந்த அன்று அவள் அப்பாவின் திதி. ஒரே பிள்ளையான அவளை, "பொம்பளப்புள்ள தெக்க பாத்துத் தண்ணி விடக்கூடாது" என்று பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் தடுத்திருந்தார். இங்கே தடுக்க யாருமில்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். சற்று யோசித்தவள் குனிந்து, உருக்கிய பனிநீரைத் தன் காலடியிலேயே வார்த்தாள். விழுந்ததும் அது உறைந்தது.

பிறகு சாட்டிலைட் போனில் அம்மாவை அழைத்தாள்.

"எந்தப் பக்கம் பாத்து விட்ட, மங்கை?"

"கீழ பாத்தும்மா. இங்க தெக்கு என் காலுக்கு அடியிலதான் இருக்கு."

திதிக்கு வந்திருந்தவர்களிடம் அம்மா உரக்கச் சொல்வது கேட்டது:

"எம்மவ அவ அப்பாவுக்குத் தண்ணி விட்டுட்டா. அதுக்கும் தெக்கால போறதுக்கு எடமே இல்லையாம்!"