நான்கு வட்டங்கள்

“நாலு வட்டம் எதுக்குடா? நான் ஒருத்திதானே கீறேன்?”

“இன்னாக்கா நீ! ஒரே ஆளுன்னு தெரிஞ்சா எவன் ஆர்டர் குடுப்பான்? ‘எங்கள் குழு’ன்னு ஒரு பக்கம் இருந்தாத்தான் கெத்து.”

ஃபெபியின் மெழுகுவர்த்தித் தொழிலுக்குத் தம்பி ரெனிஷ் உருவாக்கும் இணையதளத்தில், நான்கு வெற்று வட்டங்கள் முகங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவள் திரையைப் பார்த்தபடியே மெழுகைக் கிண்டுகிறாள். மேனாம்பேட்டு மாலை வெயில் சன்னல் கம்பிகளுக்கிடையே சரிந்து, ஞானஸ்நான மெழுகுவர்த்திகளில் அவள் வரைந்த வெள்ளைப் புறாக்களுக்கு மஞ்சள் பூசுகிறது. மின்விசிறி ஓடவில்லை, காற்றுப் பட்டால் மெழுகு ஒருபக்கமாக இறுகிவிடும். வியர்வை அவள் கழுத்து வழியே இறங்குகிறது. விரல் நுனிகளில் உறைந்த மெழுகு இன்னொரு நகம்போல் ஒட்டியிருக்கிறது. தளம் திறந்ததும் ஆர்டர் குவியும் என்கிறான் ரெனிஷ். அந்த நினைப்பிலேயே அவள் தோள்கள் தொய்கின்றன. ரெனிஷ் அடுக்கிக்கொண்டே போகிறான். “அம்மா படம் ஒண்ணு. பக்கத்து ஊட்டு தீபிகாதான் டிசைனர். நான் புரொடக்‌ஷன் மேனேஜர். கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ வெக்கட்டா?”

“மேனேஜர் சார் இதுவரைக்கும் ஒரு திரியாச்சும் தொட்டிருக்காரா?”

அவன் சிரிக்கிறான். நான்காவது வட்டத்தில் அவன் முகம் வந்து பொருந்துகிறது, கறுப்புக் கண்ணாடியோடு. தண்டவாளப் பக்கமிருந்து மின்சார ரயிலின் ஊதல் வந்து தேய்கிறது. திரி கோக்காத அச்சுகள் தரையெங்கும் வாய் திறந்து கிடக்கின்றன. ஃபெபி அடுப்பைத் தணித்துவிட்டு, சுவரில் முதுகைத் தேய்த்தபடி மெல்ல உட்காருகிறாள்.

“படம் இருந்துட்டுப் போவட்டும்டா. நாளைக்கு வந்து, இதுக்கெல்லாம் திரி மட்டும் கோத்துக் குடுக்கிறியா?”